மேலுதட்டில் வைக்காத கத்தி

ஆஸ்பத்திரியில் சவரக் கத்தியை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் ஆபரேஷனுக்குப் போகிற எந்த நோயாளியின் உடம்பிலும் கத்தி படக் கூடாது, முடியை மெஷினால் ஒட்டக் கத்தரிப்பதோடு சரி என்று உத்தரவு. எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த ராஜாமணி இதைச் சொல்வதற்கென்றே வீடு தேடி வந்தான். நாற்பது வயது ஆள், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் மனசு உடைந்துபோவேன் என்று எண்ணி முகத்தை அதற்குத் தோதாகத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்திருந்தான். நல்ல காரியம், எப்போதோ செய்திருக்க வேண்டும் என்றேன். அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

உண்மையாகத்தான் சொன்னேன். கத்தி எவ்வளவு பதமாக இருந்தாலும் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதன் வழியாகக் கிருமி உள்ளே போகும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தேன். என் கையால் எத்தனை பேருக்குப் புண் சீழ் வைத்ததோ தெரியாது. அதனால் மெஷின் வந்ததற்கு நான் அழப்போவதில்லை. அழுவதற்கு வேறு இருக்கிறது.

போகும்போது ராஜாமணி இன்னொன்று கேட்டான். ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், கொஞ்சம் சிரிப்பாக இருந்தால் நல்லதாம். சிரிப்பாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது. போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். போடியிலிருந்து மலைக்கு ஏறுகிற ரோட்டில் இருக்கிறது, அது போதும். ஏலத்தோட்டத்தில் வழுக்கி விழுந்தவன், ஜீப்பு உருண்டு அடிபட்டவன், குரங்கணிப் பக்கம் கரடி பிறாண்டியவன், பிரசவத்துக்கு வந்தவள் என்று எல்லோரும் அந்த வாசலில்தான் இறங்குவார்கள். நான் அங்கே தரை துடைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் போய்விட, பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார். நடுங்கவில்லை, இவனே செய்யட்டும் என்றார். எனக்குப் படிப்பு, பரீட்சை எல்லாம் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் யாரும் அந்த வேலை செய்தவர்களில்லை. சொந்தத்தில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். என் மாமனார் தெருவில் நின்று, மாப்ளே செரைக்கப் போறாராம் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்துக் குடலிறக்கத்துக்கு அவரையே அந்த மேஜையில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். நான்தான் செய்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார் மனுஷன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூடப் பழகிப்போயிருக்கும். சவரம் முடிந்ததும் மேஜைக்கு வருவார். சட்டைப்பையிலிருந்து ஒரு துளிப் பஞ்சை எடுத்து, மழித்த இடத்தில் வைத்து மெதுவாக இழுப்பார். பஞ்சு வழுக்கிக்கொண்டு வந்தால் ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போய்விடுவார். ஒரு இழை எங்காவது ஒட்டி நின்றால், அந்த இழையை அப்படியே விட்டுவிட்டுப் போவார். நான் அதைப் பார்த்து அந்த இடத்தை மறுபடி செய்ய வேண்டும். ஆரம்பத்தில் சில நோயாளிகளின் வயிறு பஞ்சு வெடித்த இலவமரத்தடி மாதிரி இருக்கும்.

கத்தி அப்போது பிளேடு மாட்டாத முழுக்கத்தி. யாரோ ஒரு தோட்டத்து முதலாளி பங்களாவைக் காலிசெய்தபோது ஆஸ்பத்திரிக்குத் தந்த இரண்டு சீமைக் கத்திகள், கொம்புப் பிடி போட்டவை. அவற்றைத் தீட்டுவதற்கு ஒரு வருஷம் ஆனது எனக்கு. கத்தியின் முதுகும், வெட்டுகிற வாயும் ஒன்றாகக் கல்லில் படுத்திருக்க வேண்டும். முதுகைக் கொஞ்சம் தூக்கினாலும் வாய் மடங்கிவிடும். கல்லில் வாய் முன்னால் போக வேண்டும், தோல்வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். மாற்றி இழுத்தால் வார் இரண்டாகிவிடும், நான் இரண்டு வாரை அப்படி அறுத்திருக்கிறேன். பிற்பாடு ரத்தத்தில் பரவுகிற நோய்களுக்குப் பயந்து, ஆளுக்கு ஒரு பாதி பிளேடு மாட்டித் தூக்கிப்போடுகிற கத்தி வந்தது. சீமைக் கத்திகள் ஒரு தகர டப்பாவுக்குள் போயின.

மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, ஒருநாள் டாக்டர் பஞ்சை எடுக்கவில்லை. கதவருகே நின்று, "முடிஞ்சதா?" என்று மட்டும் கேட்டார். முடிஞ்சது சார் என்றேன். கை கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து அவ்வளவுதான். நான் முடிந்தது என்றால் முடிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், அவளுக்கு அதில் என்ன பெருமை இருக்கிறது என்று விளங்கவில்லை. பாராட்டுப் பத்திரம் தந்திருந்தாலும் எனக்கு அப்படி இருந்திருக்காது.

முருகேசனை ஜீப்பில் கொண்டுவந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஏழு வருஷம் முன்பு, காலை ஏழு மணி இருக்கும். மலையில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிறவன். சூடு போகிற குழாய் வெடித்து உள்ளே புகை நிரம்பிவிட்டது. எல்லோரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். இவன், காய் கருகிவிடும் என்று மறுபடி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு விழுந்திருக்கிறான். முப்பது வயது, நல்ல உடம்பு. இருமினால் கரி வந்தது. நினைவு இருந்தது, பேசினான், ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின.

டாக்டர் பார்த்தார். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெஷின் வந்திருந்தது. முகத்தில் மூடியைப் பொருத்தி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். மூடி தோலோடு ஒட்டினால்தான் காற்று நெஞ்சுக்குப் போகும், இடையில் முடி இருந்தால் பக்கவாட்டில் கசிந்துவிடும். முருகேசனுக்கு அடர்ந்த தாடி, காதுப்பக்கம் வரை முறுக்கிவிட்ட மீசை. முகத்தில் ஒரு முடி இருக்கக் கூடாது, வெரசா எடு என்று என்னிடம் சொன்னார். தேனிக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லச் சொன்னார். அதற்குள் பிரசவ அறையிலிருந்து ஆள் ஓடிவந்தது. ஒருத்திக்குப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். அவர் தியேட்டருக்குள் போய்விட்டார்.

நான் தாடியை எடுத்தேன். இருமல் வரும்போது கத்தியைத் தூக்கிக்கொண்டு, அடங்கியதும் இறக்கி, ஒரு கீறல் இல்லாமல் இரண்டு கன்னமும் தாடையும் கழுத்தும் முடித்தேன். மேலுதட்டுக்கு சோப்பு வைக்கப் பிரஷ்ஷைக் கொண்டுபோனபோது என் மணிக்கட்டைப் பிடித்தான். அவ்வளவு மூச்சு இல்லாதவனுக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ.

"மீசையில கை வைக்காதீங்கண்ணே," என்றான். மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான், "எங்கப்பன் இருக்காரு."

எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தகப்பன் செத்தால் மகன் மீசையை எடுப்பான். தகப்பன் உயிரோடு இருக்கையில் மகன் மீசையை மழித்தால், அது தகப்பனுக்குச் சாவு சொல்லி அனுப்புவது மாதிரி. பட்டணத்துப் பிள்ளைகள் இன்றைக்குத் தினமும் மழித்துக்கொண்டு அலைகிறார்கள், அது வேறு. முருகேசன் அந்த மாதிரி ஆளில்லை. நானும் அந்த மாதிரி ஆளில்லை. அன்றைக்கு என் அப்பாவும் இருந்தார், என் மேலுதட்டிலும் மீசை இருந்தது.

டாக்டர் சொன்னது காதில் இருந்தது. இவன் பிடி கையில் இருந்தது. மீசையை மட்டும் விட்டால் என்ன பெரிதாகக் கசிந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். கத்தரிக்கோலால் இரண்டு பக்க முறுக்கையும் குறைத்தேன், அதற்கு ஒப்புக்கொண்டான். மிச்சத்தில் வாசலைனை அப்பிப் படிய வாரிவிட்டேன். தியேட்டர் கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளே டாக்டர் உறை போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சது சார்," என்றேன்.

கதவு மூடிக்கொண்டது. நர்ஸ் மூடியை வைத்து வாரை இறுக்கினாள். மேலுதட்டுப் பக்கம் உஸ்ஸென்று சத்தம். ஏன் கசிகிறது என்று அந்தப் பெண் கேட்டாள், அவளுக்கு மெஷின் புதுசு. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டும்மா என்றேன். இறுக்கினாள். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நன்றி சொல்கிற மாதிரி தலையை லேசாக ஆட்டினான். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். டாக்டர் வெளியே வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முருகேசனின் கட்டிலுக்கு வந்தவர், காது கொடுத்துக் கேட்டார், குனிந்து மூடிக்குள் பார்த்தார். நான் ஓடிவந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றினார்.

"எடு," என்றார்.

இந்தத் தடவை மணிக்கட்டைப் பிடிக்க அவன் கையைத் தூக்கினான். பாதி தூரம்கூட வரவில்லை, விழுந்துவிட்டது. கண் மட்டும் என்மேல் இருந்தது. நாலே இழுப்பில் எடுத்தேன். மூடி போய் ஒட்டியது. உஸ்ஸென்ற சத்தம் நின்றது. இவ்வளவு எளிதாக நிற்கக்கூடியது ஒன்றேகால் மணி நேரம் ஓடியிருக்கிறது. தேனி வண்டி வாசலுக்கு வந்து, படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகையிலேயே முருகேசன் போய்விட்டான்.

மறுநாள் ஒரு கால் முறிவு. நான் சவரம் முடித்துவிட்டுக் கதவைப் பார்த்தேன், முடிஞ்சதா என்ற கேள்விக்காக. டாக்டர் நேரே மேஜைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் பணியில் இருந்த கடைசி நாள் வரை பஞ்சுதான். ஒரே ஒரு தடவை நானாகக் கேட்டேன், முதலிலேயே எடுத்திருந்தால் பிழைத்திருப்பானா சார் என்று. சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இல்லை, எப்படியும் போயிருப்பான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முருகேசனின் அப்பா வீரணன் அன்றைக்கு மத்தியானம் தேவாரத்திலிருந்து பஸ்சில் வந்தார். ஒல்லியான, நெட்டையான ஆள். மகனுக்கு இருந்த அதே மீசை, நரைத்திருந்தது. யாரும் கூட வரவில்லை. துணியை விலக்கிக் காட்டச் சொன்னார்கள், நான்தான் விலக்கினேன். அவர் அழவில்லை. மகனின் மேலுதட்டையே பார்த்தார்.

"என்னையத் தலைமுழுகிட்டானா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்பு, சோளம் பால் பிடித்திருந்த சமயம், காவல் குடிசையில் மகன் அசந்துவிட்டான். யானை இறங்கி ஒரு சோளத்தட்டை மிச்சமில்லாமல் மிதித்துவிட்டது. ஊர் கூடி நிற்கையில் இவர், நீ இருந்தும் ஒண்ணுதான் செத்தும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே மலையேறியவன் திரும்பி வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. இப்போது மழித்த உதட்டோடு கிடக்கிறான். அப்பன் செத்தான் என்று மீசையை எடுத்துவிட்டான், இதுதான் அவர் கணக்கு.

அந்தப் பெஞ்சில் எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால், மகன் தன்னைச் செத்தவனாக்கிவிட்டான் என்ற நினைப்போடு அந்த மனுஷர் பஸ் ஏறுவார். முழுவதையும் சொன்னால், நான் யார் என்று சொல்ல வேண்டும். நான் பாதியைச் சொன்னேன். மீசையை எடுத்தது உங்கள் மகனில்லை ஐயா, டாக்டர் உத்தரவு, நான்தான் எடுத்தேன், மகன் வேண்டாமென்று என் கையைப் பிடித்தார், எங்கப்பன் இருக்காரு என்று சொன்னார் என்றேன். ஒன்றேகால் மணி நேரத்தைச் சொல்லவில்லை.

"இருக்காருன்னா சொன்னான்?"

ஆமாம் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் அழுதார். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கைகளை.

அதற்குப் பிறகு நான் வேலையை விடவில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், விட்டுவிட்டு எங்கே போவது? ஏழு வருஷம் ஓட்டினேன். ஓய்வு பெற்ற அன்றைக்கு, பழைய சாமான்களை வெளியே எறிந்துகொண்டிருந்த இடத்தில் அந்தத் தகர டப்பா கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு கத்தியும் துருவில் மூடிய நிலையிலேயே கட்டிப்போயிருந்தன.

வீட்டில் சும்மா உட்கார முடியாமல்தான் அவற்றில் கை வைத்தேன். நாலு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதும் கத்தி விரிந்தது. சாணைச் சக்கரத்தில் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் பளபளக்கும், ஆனால் சூடேறி எஃகில் நீலம் பாய்ந்துவிட்டால் அப்புறம் அது வெறும் தகடு. அதனால் எல்லாம் கையாலேயே. தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, கொரகொரப்பில் ஆரம்பித்து நைசுக்கு வர வேண்டும். வாயில் துரு தின்ற பொட்டுகள் இருக்கும். அந்தப் பொட்டு போகிற மட்டும் கல்லில் தேய்க்க வேண்டும், அவசரப்பட்டு ஒன்றை விட்டால் அந்த இடம் முகத்தைப் பிறாண்டும். மார்க்கர் பேனாவால் வாய் ஓரத்தில் மை தடவிக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தால், மை எங்கே நிற்கிறதோ அங்கே கல் படவில்லை என்று அர்த்தம். ஒரு கத்திக்குப் பத்து நாள் போனது. நாள் போவதுதானே எனக்கும் வேண்டியிருந்தது.

தீட்டிய கத்தியை யார் முகத்தில் வைத்துப் பார்ப்பது? என் முகத்தில்தான் வைத்தேன். முப்பது வருஷம் அடுத்தவர் உடம்பில் ஓடிய கை, என் முகத்தில் தடுமாறியது. கண்ணாடியில் எல்லாம் இடவலம் மாறி நின்றது. இடது கன்னத்துக்கு எந்தக் கையால் என்று தெரியாமல் முதல் வாரம் காது மடலையும் தாடையையும் வெட்டிக்கொண்டேன். மனைவி பார்த்துவிட்டு, இந்த வயசில் உங்களுக்கு இது தேவையா என்றாள். இரண்டு மாதத்தில் படிந்துவிட்டது. அப்பா தவறியபோது எடுத்த மீசையை நான் திரும்ப வளர்க்கவில்லை. மேலுதட்டை மழிக்கிற ஒவ்வொரு காலையும் கை ஒரு கணம் நிற்கும். இன்றைக்கும் நிற்கிறது.

ஆள் சொல்லி ஆள், பழைய கத்திகள் வந்தன. கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் தன் தாத்தாவுடையது என்று ஒன்று கொண்டுவந்தார். மலையில் ஒரு பங்களாக் காவல்காரர் அலமாரிக்குப் பின்னால் கிடந்ததாக மூன்று கொடுத்தனுப்பினார். பிடி உடைந்தவற்றுக்கு ஈட்டி மரத்தில் பிடி செதுக்கிப் பித்தளை ஆணி அடித்துக் கொடுத்தேன். அப்படித்தான் ஒரு புதன்கிழமை காலையில், துண்டில் சுற்றிய ஒரு கத்தியோடு வீரணன் என் வாசலில் நின்றார். யாருடைய வீடு என்று தெரிந்துதான் வந்திருந்தார். காவல் குடிசையில் வைத்துத் தனக்குத்தானே மழித்துக்கொள்கிற கத்தியாம். குடிசை ஒழுகித் துருப்பிடித்துவிட்டது.

அந்தக் கத்திக்கு நான் எடுத்துக்கொண்ட பாடு வேறெதற்கும் எடுத்ததில்லை. வாயின் முனையில் ஒரு பொட்டு ஆழமாகத் தின்றிருந்தது. அது போக வேண்டுமென்றால் வாய் முழுக்க ஒரு நூல் அளவு இறங்க வேண்டும். இறக்கினேன். பதினேழு நாள் ஆனது. வாங்க வந்தவர் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். கை நடுங்குகிறது, நீங்களே செய்துவிடுங்கள் என்றார்.

அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு புதன். கத்தியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். காலை பஸ்சில் வருவார், வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பேன். கன்னம், தாடை, கழுத்து. மீசையை மட்டும் விட்டுவிட்டு ஓரம் ஒதுக்குவேன். அதே மீசை. சோப்பு நுரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு அவர் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பார்.

"அவன் என்ன சொன்னான்னு ஒருக்கச் சொல்லுங்க அப்பு."

எங்கப்பன் இருக்காரு என்று சொன்னார் ஐயா என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார். இரண்டு வருஷம் இப்படி. எத்தனை புதன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை என் வாயில் முள்ளாகக் குத்தும். அவருக்கோ அதுதான் சோறு. சில நாள் கத்தியைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் குழாயடியில் நின்று அழுதிருக்கிறேன்.

போன ஆடியில் வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. மகனுக்குத் திதி வருகிறது, இந்த வருஷம் பங்காளிகளையெல்லாம் கூப்பிட்டுச் சோறு போடுகிறேன் என்றார். நீங்கள் வந்து அவன் சொன்னதை உங்கள் வாயால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், அன்றைக்கு நான் அவனைப் பேசியதை ஊரே கேட்டதல்லவா, இதையும் ஊர் கேட்கட்டும் என்றார். தங்கமான மனுஷன் நீங்கள் என்றார்.

வலது கன்னத்தை முடித்திருந்தேன். இடது கன்னத்தில் நுரை இருந்தது. கத்தியை மடக்கிக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அத்தனை பேர் முன்னால் இலையில் உட்கார்ந்து அந்தப் பாதியைச் சொல்ல என்னால் முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் முதலிலேயே எடுக்கச் சொன்னதை, நான் விட்டதை, முடிஞ்சது என்று பொய் சொன்னதை, மூடி ஒட்டாமல் காற்று கசிந்ததை, ஒன்றேகால் மணி நேரத்தை. எடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், டாக்டருக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். காலைத் தொட்டேன்.

அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நுரை காய்ந்து போனது.

"இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமே அப்பு," என்றார்.

கோபமில்லை அதில். கோபமிருந்தால் தாங்கியிருப்பேன். துண்டால் இடது கன்னத்தைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு பக்கம் மழித்து, ஒரு பக்கம் நரை முள்ளோடு பஸ்சுக்கு நடந்தார். கத்தியைக் கேட்கவில்லை. நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அப்பன் இருக்கிறார் என்று மகன் சொன்னதுதான் அவர் உயிரைப் பிடித்துவைத்திருந்தது. அந்த வார்த்தையே மகனைக் கொன்றது என்று ஆக்கிக் கையில் கொடுத்துவிட்டேன். பாரத்தை இறக்கிவைக்க எனக்கு அவர் தோள்தான் கிடைத்தது.

அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. திதிச் சோறு போடவில்லை என்று தேவாரத்து ஆள் ஒருவர் சொன்னார். நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

சோளக்காட்டுக் குடிசையில் கயிற்றுக்கட்டிலில் இருந்தார். தாடி நெஞ்சைத் தொட்டது. யாரையும் கை வைக்க விடுவதில்லை என்று வழியிலேயே சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்க என்றுதான் சொன்னார். நான் கத்தியை நீட்டினேன். வாங்கவில்லை, கட்டிலின் மேல் வைத்தேன். பொட்டிபுரம் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. கிளம்பலாம் என்று நான் துண்டை உதறியபோது கேட்டார்.

"அந்த ஒண்ணேகா மணி நேரமும் அவனுக்கு நெனவு இருந்துச்சா?"

அவர் கண் என்மேல் இருந்தது, முருகேசன் கண் அன்றைக்கு இருந்த மாதிரியே. இல்லை, மயக்கத்தில் கிடந்தார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இருந்துச்சுய்யா," என்றேன்.